இரண்டு கணினிகள் பேசத் தொடங்குவது எப்படி: இணைப்பு உருவாகும் முறையும், அது எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கும் வழியும்

கல்லிடைக்குறிச்சியில் ஒரு மளிகை மொத்தக் கடை. முன்னால் பில் போடும் கம்ப்யூட்டர். பின்னால் குடோனை ஒட்டிய அறையில், கணக்கு முழுவதையும் வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர். ஒரு திங்கட்கிழமை காலை கடைக்காரர் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்ப பில்லே போட மாட்டேங்கு. நெட்டு போயிட்டு போல, ஒரு எட்டு வந்து பாருங்க."

அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், பாளையங்கோட்டை என்று கடை கடையாக நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கு இது பழகிய சொல். 'நெட்டு போயிட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஆறேழு வெவ்வேறு கோளாறுகள் இருக்கும். என்னோடு வேலைக்கு வரும் தம்பிகள் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பரீட்சையில் கேட்டால் இணைப்பின் மூன்று செய்திகளையும் படம் போட்டுக் காட்டுவார்கள். கடைக்குப் போனதும் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். படித்த படத்துக்கும் கையில் இருக்கும் கோளாறுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சியின் கடைக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

வரப்பில் கேட்ட மூன்று குரல்

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் என் தாத்தாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. பிசான சாகுபடியில் ராத்திரி முறைத் தண்ணீர் வந்தால் அவரோடு நானும் போவேன். தாத்தா மேலே மடையில் நிற்பார். கடைசி வயலில், இருட்டுக்குள், இன்னொருவர் மண்வெட்டியோடு நிற்பார். தாத்தா குரல் கொடுப்பார்: "தொறக்கட்டுமா?" கீழிருந்து பதில் வரும்: "கேக்கு, தொறங்க! நான் இங்க நிக்கேன், என் குரல் கேக்கா?" தாத்தா திரும்பச் சொல்வார்: "கேக்கு, தொறக்கேன்!" அதற்கப்புறம்தான் தண்ணீர்.

மூன்றாவது குரல் எதற்கு என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. தான் சொன்னது மேலே போய்ச் சேர்ந்ததா என்று கீழே நிற்பவருக்குத் தெரிய வேறு வழியே கிடையாது. அந்தக் குரல் வராவிட்டால் அவர் வரப்பை வெட்டிவைத்துக்கொண்டு வராத தண்ணீருக்காக நின்றுகொண்டே இருப்பார். கணினிகள் செய்வதும் கிட்டத்தட்ட இதுவேதான். ஆனால் குரல் கொடுக்கும் முன்பே அவை சில வேலைகளை முடிக்க வேண்டியிருக்கிறது.

படி 1: தனக்கு ஒரு முகவரி

கம்ப்யூட்டரை ஆன் செய்து வயரைச் செருகியதும், அல்லது வைஃபையில் சேர்ந்ததும், நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி அதற்குக் கிடையாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கூவல் போடுகிறது: "இங்கே முகவரி கொடுப்பவர் யார்?" ரவுட்டர், "192.168.1.12 இருக்கிறது, வேண்டுமா?" என்கிறது. "அதையே கொடு" என்று கம்ப்யூட்டர் கேட்க, "எடுத்துக்கொள், இத்தனை மணி நேரத்துக்கு உனது" என்று ரவுட்டர் உறுதி சொல்கிறது. இந்த நாலு பேச்சுக்கும் பெயர் டிஎச்சிபி. முகவரியோடு இன்னும் மூன்று விவரமும் வரும். எதுவரை உள்ளூர் என்று சொல்லும் சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வாசலான கேட்வே, பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ் சர்வர்.

விண்டோஸில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் இவற்றைப் பார்க்கலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது. வயர், சுவிட்ச், ரவுட்டர் என்று அங்கேயே தேடுங்கள். மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை.

படி 2: பக்கத்தில் இருப்பவரின் மேக் முகவரி

ஐபி முகவரி இருந்தாலும், வயரில் அடுத்த பெட்டிக்குத் தகவல் துண்டான பாக்கெட்டைக் கொடுக்க அந்தப் பெட்டியின் நெட்வொர்க் கார்டுக்குரிய 48 பிட் மேக் முகவரி தேவை. போக வேண்டிய இடம் உள்ளூர் என்றால் அந்தக் கணினியின் மேக் முகவரி. வெளியூர் என்றால் கேட்வேயின் மேக் முகவரி. "192.168.1.1 யாருடையது?" என்று எல்லோரையும் கேட்க, உரியவர் மட்டும் பதில் சொல்கிறார். இது ஏஆர்பி. 1982-ல் எழுதிய விதி, இன்றும் எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஏஆர்பி' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சிறுகோடும் 'ஏ' எழுத்தும் போட்டால் இதுவரை பதில் சொன்னவர்களின் பட்டியல் வரும். பலர் இந்தப் பட்டியலைத் திறந்தே பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் சாட்சி. வரும் பாக்கெட்டுகளைத் தடுக்கும் காவலான ஃபயர்வால் எவ்வளவு கெடுபிடியாக இருந்தாலும், வழக்கமான கணினி ஏஆர்பிக்குப் பதில் சொல்லிவிடும். ஆள் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கும் பிங் போகவில்லை, ஆனால் இந்தப் பட்டியலில் மேக் முகவரி இருக்கிறது என்றால், ஆள் வீட்டில்தான் இருக்கிறார், கதவைத்தான் திறக்கவில்லை.

படி 3: பெயரை எண்ணாக்குதல்

நாம் அடிப்பது பெயர், பாக்கெட்டுக்கு வேண்டியது எண். டிஎன்எஸ் சர்வரின் 53-ம் போர்ட்டுக்கு (போர்ட் என்ன என்று அடுத்த படியில் சொல்கிறேன்) ஒரு கேள்வி போகும், எண் திரும்பி வரும். பெரும்பாலும் யூடிபி என்ற எளிய அனுப்பும் முறை வழியே நடப்பதால் இதற்கு முன்கூட்டிய அறிமுகம் ஏதும் வேண்டாம். வாட்ஸ்அப் வேலை செய்கிறது, பிரவுசர் மட்டும் எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் படியை. 'என்எஸ்லுக்கப்' என்று அடித்து ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எண் வராவிட்டால் கோளாறு இங்கேதான்.

படி 4: எந்தக் கதவு

ஒரே கணினியில் இணையதளம், மின்னஞ்சல், கணக்கு என்று பல சேவைகள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு எண்ணில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அதுதான் போர்ட். 16 பிட் என்பதால் 0 முதல் 65,535 வரை. பாதுகாப்பான இணையதளத்துக்கு 443, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு வழக்கமாக 3306. கூப்பிடுகிற கணினியும் தன் பக்கத்தில் ஒரு தற்காலிக போர்ட்டை எடுத்துக்கொள்ளும். இரண்டு ஐபி, இரண்டு போர்ட் என்ற இந்த நாலும் சேர்ந்ததுதான் ஒரு இணைப்பின் அடையாளம். அதனால்தான் ஒரே தளத்தை இரண்டு டேபில் திறந்தாலும் ஒன்றின் தகவல் மற்றொன்றில் கலப்பதில்லை.

படி 5: மூன்று செய்திகள்

இப்போது முக்கியமான இடம். வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் இருந்து வளர்ந்ததுதான், தகவல் தொலையாமல் வரிசையாகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற விதி. 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற இணைய விதி ஆவணமாக உறுதிப்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுக்க இதற்கு மாறியது. 2022 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9293 அந்தப் பழைய ஆவணத்தின் இடத்தைப் பிடித்தது. ஆனால் இணைப்பைத் தொடங்கும் மூன்று செய்திகள் அப்படியேதான் இருக்கின்றன.

டிசிபி ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் வைக்கிறது. பாக்கெட் தொலைந்தாலும், முன்பின்னாக வந்தாலும், அந்த எண்ணை வைத்துத்தான் சரிசெய்கிறது. எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று செய்திகளின் வேலையும் அதுதான். பாளையங்கோட்டையில் இருக்கும் உங்கள் லேப்டாப், சென்னையில் இருக்கும் ஒரு சர்வரைக் கூப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். எண்களைக் கணக்குக்கு வசதியாகச் சிறியதாக எடுக்கிறேன்.

முதல் செய்தி, சின். லேப்டாப் அனுப்புகிறது: "என் எண்ணிக்கை 5000-ல் தொடங்குகிறது." அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது.

இரண்டாவது செய்தி, சின்-அக். சர்வர் சொல்கிறது: "உன் 5000 கிடைத்தது. அடுத்து உன்னிடம் 5001-ஐ எதிர்பார்க்கிறேன். என் எண்ணிக்கை 83000-ல் தொடங்குகிறது." ஒரே பாக்கெட்டில் பதிலும் அறிமுகமும்.

மூன்றாவது செய்தி, அக். லேப்டாப்: "உன் 83000 கிடைத்தது, அடுத்து 83001-ஐ எதிர்பார்க்கிறேன்."

இணைப்பு தயார். அடுத்துப் போகும் முதல் தரவு பைட்டின் எண் 5001. லேப்டாப் 100 பைட் அனுப்பினால் சர்வர் "அடுத்து 5101" என்று பதில் போடும். அக் எண் எப்போதும் அடுத்து வேண்டியதைத்தான் சொல்லும். கிடைத்த கடைசி பைட்டின் எண் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பைட் தரவுகூட இல்லாத சின் எதற்காக ஓர் எண்ணை விழுங்குகிறது என்றும் கேட்பார்கள். சின் வந்து சேர்ந்ததை உறுதி சொல்ல ஓர் எண் வேண்டுமே, அதற்காகத்தான்.

இரண்டு செய்தி போதாதா?

போதாது. காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர் ரே டாம்லின்சன், மின்னஞ்சலில் அட் குறியைக் கொண்டுவந்தவர். நெட்வொர்க்கில் பாக்கெட் தாமதமாகலாம், இரட்டிப்பாகவும் வரலாம். நேற்று அனுப்பி எங்கோ சிக்கிக்கொண்ட ஒரு பழைய சின், இன்று சர்வருக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே செய்தி என்றால் சர்வர் "சரி" என்று சொல்லிவிட்டு, இல்லாத ஆளுக்கு இணைப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். மூன்றாவது செய்தி கட்டாயம் என்றால் அது நடக்காது. சர்வரின் சின்-அக் லேப்டாப்புக்கு வந்ததும், "இது நான் அனுப்பிய எண்ணே இல்லை" என்று லேப்டாப் கண்டுகொண்டு, இணைப்பை முறிக்கும் ரீசெட் செய்தியை அனுப்பிவிடும். சர்வரும் விட்டுவிடும்.

கணக்காகவும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் மற்றவர் எண் கிடைத்ததென்று சொல்ல வேண்டும். மொத்தம் நாலு வேலை. நடுவில் உள்ள இரண்டையும் சர்வர் ஒரே பாக்கெட்டில் முடித்துவிடுவதால் மூன்று.

தொடக்க எண்ணை ஏன் எப்போதும் பூஜ்யத்தில் வைப்பதில்லை என்பதற்கும் முதலில் சொன்ன காரணம் இதேதான். பழைய இணைப்பின் பாக்கெட் புதிய இணைப்பில் கலந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் 4 மைக்ரோ விநாடிக்கு ஒன்று வீதம் ஏறும் கடிகாரத்தில் இருந்து எடுக்கச் சொன்னார்கள். 32 பிட் எண், அதாவது சுமார் 429 கோடி, ஒரு சுற்று முடிய சுமார் நாலே முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரத்தை யாரும் யூகித்துவிடலாமே. யூகித்தால் சின்-அக்கைப் பார்க்காமலேயே மூன்றாவது செய்தியைப் பொய்யாகத் தயாரித்து, வேறொரு கணினி மாதிரி நடிக்கலாம். 1985-லேயே ராபர்ட் மோரிஸ் இந்தப் பலவீனத்தை எழுதிவிட்டார். 1994 கிறிஸ்துமஸ் அன்று கணினிப் பாதுகாப்பு நிபுணர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகளுக்குள் இந்த வழியில்தான் நுழைந்தார்கள். அதன் பிறகே, வெளியாள் யூகிக்க முடியாதபடி தொடக்க எண்ணைக் கலைத்துத் தரும் முறை பரவியது.

மூன்றாவது குரல் வராவிட்டால்

கீழ்வயலில் மண்வெட்டியோடு நிற்பவரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். சின் வந்ததும் சர்வர் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு மூன்றாவது செய்திக்காகக் காத்திருக்கிறது. இது பாதி திறந்த இணைப்பு. குறிப்பு எழுத இடம் அளவானதுதான். வேண்டுமென்றே ஆயிரக்கணக்கில் சின் அனுப்பிவிட்டு மூன்றாவது செய்தியை அனுப்பாமல் விட்டால், உண்மையான ஆட்களுக்கு இடமே இருக்காது. இதுதான் சின் வெள்ளத் தாக்குதல். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய சேவை நிறுவனம் இதில் நாள்கணக்கில் முடங்கியது.

அதே மாதம் டான் பெர்ன்ஸ்டைன் சொன்ன தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. குறிப்பையே எழுதாதே என்றார். கேட்பவரின் முகவரி, போர்ட், நேரம், சர்வருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எல்லாவற்றையும் பிசைந்து ஓர் எண்ணாக்கி, அதையே தன் தொடக்க எண்ணாக அனுப்பிவிடு. உண்மையான ஆள் என்றால் மூன்றாவது செய்தியில் அந்த எண்ணோடு ஒன்று கூட்டித் திரும்பக் கொண்டுவருவான். சரிபார்த்துவிட்டு அப்போது இடம் கொடு. இதற்கு சின் குக்கி என்று பெயர், இன்றும் லினக்ஸ் சர்வர்களில் இருக்கிறது.

கூடவே பயணிக்கும் இரண்டு விவரங்கள்

சின் பாக்கெட்டில், "ஒரே தடவையில் என்னால் இவ்வளவுதான் வாங்க முடியும்" என்ற அளவும் போகிறது. சாதாரண ஈதர்நெட்டில் 1,500 பைட்டில், பாக்கெட்டின் முன்னால் முகவரியும் எண்களும் எழுதும் தலைப்புகளுக்கு 40 போக 1,460. யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டுச் சேரும் பிபிபிஓஇ வகை பிராட்பேண்டில் இன்னும் 8 பைட் குறைந்து 1,452. இந்த 8 பைட் அற்பமாகத் தெரியும். ஆனால் இது தவறாக இருந்தால் விசித்திரமான கோளாறு ஒன்று வரும். சிறிய பாக்கெட்டுகளான மூன்று செய்திகளும் நன்றாக முடியும், பெரிய பாக்கெட் மட்டும் வழியில் காணாமல் போகும். சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். அப்படிப் பார்த்தால் ரவுட்டரில் எம்டியு எனும் பாக்கெட்டின் உச்ச அளவை 1492 என்று வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று விண்டோ, பதிலுக்குக் காத்திராமல் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு. அது தலைப்பில் 65,535-ஐத் தாண்ட முடியாது. அதை எத்தனை மடங்காகக் கொள்ளலாம் என்று இந்தத் தொடக்கச் செய்திகளில் மட்டுமே பேசி முடிக்க முடியும்.

பணம் கொடுத்தாலும் குறையாத நேரம்

"100 எம்பி பிளான்ல இருந்து 300-க்கு மாத்திட்டேன், அப்பவும் தளம் திறக்க அதே நேரம்தான் ஆகுது" என்று வண்ணார்பேட்டையில் ஒருவர் வருத்தப்பட்டார். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். நெல்லையிலிருந்து சென்னை 600 கி.மீ. என்று வைத்தால் போய்வர 6 மில்லி விநாடி. சர்வர் சிங்கப்பூரில் என்றால், சென்னைக் கடற்கரையில் இறங்கும் கடலடிக் கேபிள் வழியே இன்னும் சுமார் 3,200 கி.மீ. போய்வர 32 சேரும். ஆக 38. இது இயற்கை வைத்த குறைந்தபட்சம். வழியில் இருக்கும் ரவுட்டர்களும் சுற்றுப்பாதையும் இதைக் கூட்டும், குறைக்காது.

டிசிபியின் மூன்று செய்திக்கு ஒரு முழுப் போய்வரல். அதன் மேல் டிஎல்எஸ் எனும் பூட்டு போடும் பேச்சு. பழைய 1.2 பதிப்பில் அதற்கு மேலும் இரண்டு போய்வரல், 2018 ஆகஸ்டில் வந்த 1.3-ல் ஒன்று. அப்புறம்தான் பக்கத்தைக் கேட்கவே முடியும். பிளானை உயர்த்தினால் குழாய் அகலமாகும், தூரம் அப்படியேதான் இருக்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் க்விக் என்ற புதிய முறையை யூடிபி மேல் கட்டினார்கள். 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆக வந்தது. இணைப்பையும் பூட்டையும் ஒரே போய்வரலில் முடித்துவிடுகிறது.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பூட்டுப் பேச்சில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அது செல்லுபடியாகும் தேதியை உங்கள் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால் எல்லாத் தளமும் பாதுகாப்பில்லை என்று மறுக்கும். டிசிபி முடிந்துவிட்டது, நெட்டில் ஒரு குறையும் இல்லை. சிஆர் 2032 பேட்டரி ஒன்று போதும். இதைக் கண்டுபிடிக்காமல் கம்ப்யூட்டரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கேமரா ஏன் வெளியூரிலிருந்து தெரியவில்லை

கடையில் கேமரா மாட்டிவிட்டு, சென்னையில் இருக்கும் மகன் பார்க்க வேண்டும் என்பார்கள். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டும் வராது. காரணம் முதல் சின்னே உள்ளே வர முடிவதில்லை. உள்ளிருந்து வெளியே போகும் சின்னுக்கு ரவுட்டர் ஒரு குறிப்பு எழுதி வைத்து, பதிலை உரியவரிடம் கொடுக்கும். வெளியிலிருந்து தானாக வரும் சின்னுக்குக் குறிப்பு இருக்காது. போர்ட்டைத் திறப்பது என்பது அந்தக் குறிப்பை நாமே எழுதி வைப்பதுதான். ஆனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை வைத்திருக்கின்றன. நம் ரவுட்டருக்கு மேலே, முகவரியை மாற்றிக் கொடுக்கும் அவர்களுடைய பெட்டி இன்னொன்று இருக்கிறது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை, அல்லது 10 என்று தொடங்கினால் நிலைமை இதுதான். அப்போது நிலையான பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் கேமராவே வெளியே போய்ப் பேசும் கிளவுட் வசதியைப் பயன்படுத்த வேண்டும். ரவுட்டரோடு மல்லுக்கட்டி மதியத்தை வீணாக்க வேண்டாம்.

படி 6: பதிலைப் படித்தல்

என் வேலையின் சாரமே இந்தப் பகுதிதான். சின் அனுப்பினால் மூன்றில் ஒன்று நடக்கும்.

சின்-அக் வந்தால் வழியும் கதவும் சரி. கோளாறு மேலே, மென்பொருளிலோ பாஸ்வேர்டிலோ சான்றிதழிலோ.

ரீசெட் வந்தால், அதாவது 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சட்டென்று வந்தால், பாக்கெட் அந்தக் கணினி வரை போயிருக்கிறது, அது உயிரோடு இருக்கிறது. அந்த போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. சேவை நின்றிருக்கும். அல்லது கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும், தன் வீட்டுக்குள் கேட்கும் குரலுக்கு மட்டும் பதில் சொல்வது மாதிரி. சர்வரில் 'நெட்ஸ்டாட்' அடித்து, சிறுகோடும் 'ஏ', 'என்' எழுத்துகளும் சேர்த்துப் போட்டால் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்று தெரியும். 0.0.0.0 என்றால் எல்லோருக்கும் பதில் சொல்லும்.

ஒன்றுமே வராவிட்டால், அதாவது வெகுநேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்றால், பாக்கெட்டை யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள், அல்லது அங்கே ஆளே இல்லை. பதில் வராதபோது கணினி 1 விநாடி, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மறுபடி அனுப்பிப் பார்க்கும். நெடுங்காலம் லினக்ஸின் இயல்பான கணக்கு ஆறு மறுமுயற்சி, மொத்தம் 127 விநாடி. மௌனம் என்றால் ஃபயர்வாலை முதலில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் ஃபயர்வால் இயங்கும் கணினியில், யாரும் காது கொடுக்காத போர்ட்டுக்கும் ரீசெட் வராமல் மௌனமே பதிலாக வரலாம். அதனால் விண்டோஸ் சர்வர் என்றால் நெட்ஸ்டாட்டையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். பிங்கை மட்டும் நம்பவும் வேண்டாம். அது ஐசிஎம்பி என்ற வேறு வழி. அது போனால் 3306 திறந்திருக்கிறது என்றோ, போகாவிட்டால் மூடியிருக்கிறது என்றோ அர்த்தமில்லை. பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' என்ற கட்டளை இருக்கிறது. முகவரியோடு போர்ட்டையும் கொடுத்தால் மூன்று செய்திகளையும் உண்மையாகவே நடத்திப் பார்த்துச் சொல்லும். கண்ணாலேயே பார்க்க ஆசையா? பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் இலவசம். சின், சின்-அக், அக் மூன்றும் வரிசையாக வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

முடிக்கும்போதும் ஒரு முறை உண்டு. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஃபின் என்ற முடிவுச் செய்தியை அனுப்பி, அதற்கு அக் வாங்கித்தான் மூடும். முதலில் மூடியவர், வழிதவறிய பாக்கெட் ஏதும் வருமோ என்று கொஞ்ச நேரம் அந்த எண்களைப் பிடித்து வைத்திருப்பார். லினக்ஸில் அது 60 விநாடி. நெட்ஸ்டாட்டில் 'டைம் வெயிட்' என்று நிறைய வரி வந்தால் பயப்பட வேண்டாம்.

அண்ணாச்சி கடை

கடைக்குப் போனதும் பில் கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக். முகவரி சரியாக இருந்தது. பில் மென்பொருள் தேடும் சர்வர் 192.168.1.5. பிங் போட்டேன். "போய்ச் சேர முடியவில்லை" என்று சொன்னது வேறு யாருமல்ல, அதே கம்ப்யூட்டர்தான். ஏஆர்பி பட்டியலில் 5-க்கு மேக் முகவரியே இல்லை. அந்த எண்ணில் ஆளே இல்லை, சின் கிளம்பவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை யாராவது வந்தாங்களா அண்ணாச்சி?"

"ஆமா, நெட்டுக்காரப் பையன் வந்து பழைய பெட்டிய எடுத்துட்டு புதுசு மாட்டிட்டுப் போனான்."

புது ரவுட்டர் சர்வருக்குப் புது முகவரி கொடுத்திருந்தது, 192.168.1.12. பில் மென்பொருளில் 12 என்று மாற்றினேன். இப்போது அது உடனே தோற்கவில்லை, வெகுநேரம் சுற்றிவிட்டுத் தோற்றது. பிங்கும் மௌனம். ஆனால் ஏஆர்பி பட்டியலில் 12-க்கு மேக் முகவரி வந்திருந்தது. கோளாறு ஒரு படி நகர்ந்திருக்கிறது. ஆள் இருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது.

பின்னறைக்குப் போய் சர்வரில் நெட்ஸ்டாட் பார்த்தேன். 0.0.0.0, போர்ட் 3306, காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. மீதி ஃபயர்வால் மட்டுமே. ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து 'பப்ளிக்' வகையில் போட்டிருந்தது, பேருந்து நிலைய வைஃபையை நடத்துகிற மாதிரி. 3306-க்கான அனுமதியோ 'பிரைவேட்' வகைக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தது. பிரைவேட் என்று மாற்றினேன். ரவுட்டருக்குள் போய், சர்வரின் மேக் முகவரிக்கு எப்போதும் 5-ஐயே கொடு என்று பதிந்து வைத்தேன். சர்வரின் வயரைக் கழற்றிச் செருகியதும் பழைய எண் வந்தது. பில் மென்பொருளிலும் 5 என்று திரும்ப மாற்றினேன்.

அண்ணாச்சி ஒரு கிலோ துவரம்பருப்புக்கு பில் போட்டுப் பார்த்தார். பிரிண்டர் ஓடியது. சர்வர் பெட்டியின் மேல் பட்டையாக ஒரு டேப்பை ஒட்டி, அதில் 192.168.1.5 என்று எழுதச் சொல்லி மார்க்கரை என் கையில் கொடுத்தார்.